குறும்பிக்கு வழிவிடுங்கள்

தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் சிலருக்கு ஒரு காது மட்டும் கப்பென்று அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போய்விட்டது என்று தலையைச் சாய்த்துத் தட்டினாலும் ஒன்றும் வராது. ஏற்கெனவே சேர்ந்திருந்த குறும்பி, அதாவது காது அழுக்கு, தண்ணீரில் ஊறி உப்பி, மிச்சமிருந்த இடைவெளியையும் மூடியிருக்கலாம்.

காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். குறும்பி சுரப்பது அதன் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான். அங்குள்ள சுரப்பிகளின் பிசுக்கோடு உதிர்ந்த தோல் செதில்களும் சேர்ந்தால் குறும்பி. அது தூசியைப் பிடித்துவைக்கும், தோல் வறண்டு அரிக்காமல் காக்கும். லேசான அமிலத்தன்மையால் கிருமிகளையும் அடக்கும்.

அதை வெளியே தள்ளுவதும் காதேதான். உடம்பின் மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து வளர்ந்து, இருந்த இடத்திலேயே உதிரும். காதுக்குள் அப்படியில்லை. செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்படும் தோல், ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில், நாளுக்கு 0.1 மி.மீ. அளவில் வாசலை நோக்கி நகர்கிறது. மேலே ஒட்டிய குறும்பியும் கூடவே வந்துவிடுகிறது. மெல்லும்போது தாடை அசைவதும் அதைத் தளர்த்திவிடும். வாசலுக்கு வந்ததைத் துணியால் துடைத்தால் போதும்.

இந்தப் பயணத்தைத்தான் பட்ஸ் கெடுக்கிறது. பஞ்சில் கொஞ்சம் ஒட்டி வருவதைப் பார்த்துத் திருப்தியடைகிறோம். மீதி, குறும்பியே சுரக்காத உட்பகுதிக்குப் போய்ச் செவிப்பறையருகே இறுகுகிறது. ஹேர்பின்னும் தீக்குச்சியும் இன்னும் மோசம், தோலையே கீறிவிடும். ஹியரிங் எய்ட் போடுபவர்களுக்கு வழி அடைபடுவதால் குறும்பி சேர வாய்ப்பு அதிகம்.

சரி, அடைத்தே விட்டது என்றால்? ஊறவைப்பதுதான் பாதுகாப்பு. ஆலிவ் எண்ணெயோ, மருந்துக்கடையில் கிடைக்கும் குறும்பி இளக்கும் சொட்டுமருந்தோ போதும். அடைத்த காது மேலே இருக்கும்படி படுத்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்து, 2 அல்லது 3 சொட்டு விட்டு, 5 நிமிடமாவது அப்படியே இருங்கள். 3 முதல் 5 நாள் செய்யலாம். நடுவில் அடைப்பு கூடியதுபோலத் தோன்றும். குறும்பி ஊறுவதால் அப்படி. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றவே கூடாது, உள்தோல் வெந்துவிடும்.

குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினாலும் ஆபத்து. உள்காதில் சமநிலையைக் காக்கும் திரவம் அந்தக் குளிரில் நகர்ந்து, தலை கிறுகிறுவென்று சுற்றும். இந்த வெப்பநிலை விளைவை ஆராய்ந்த ராபர்ட் பாரனி 1914-க்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர். கழுவுவதை மருத்துவரிடம் விடுவதே நல்லது. அங்கே 37 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்துவார்கள்.

செவிப்பறையில் ஓட்டை, காது அறுவை சிகிச்சை, வலி, சீழ் என்று எது இருந்தாலும் சொட்டுகூட விடாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் குறும்பிதான் என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். காரணம் நரம்பாக இருந்தால் சிகிச்சையை உடனே தொடங்கியாக வேண்டும், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.