கடல்நீர் ஏன் சுண்ணாம்பாகக் கட்டிவிடுவதில்லை?

புதிதாகப் பவளத் தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கால்சியம் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றினேன். கையோடு ஆல்கலினிட்டிக்காக (நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) சோடா கரைசலையும் ஊற்றினேன். தண்ணீர் முழுக்க வெள்ளையாகக் கலங்கிவிட்டது. மீன்கள் செத்துவிடுமா?"

பெரும்பாலும் சாகாது. வேறு எதையும் ஊற்றாமல் பம்ப்பை ஓடவிட்டுப் பொறுங்கள், தெளிந்துவிடும். அந்த வெள்ளை, கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருள். பவளத்தின் எலும்புக்கூடும் அதே பொருள்தான்.

உண்மையில் வியக்க வேண்டியது, மற்ற நாட்களில் தண்ணீர் தெளிவாக இருப்பதைத்தான். வெப்பமண்டலக் கடலின் மேல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும், அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம்) படிகமாகப் படியத் தேவையானதைப்போல 3 மடங்குக்கும் மேல் இருக்கின்றன. கணக்குப்படி படிய வேண்டும். படியவிடாமல் தடுப்பவற்றில் முதன்மையானது மக்னீசியம். ஒரு லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மக்னீசியமோ சுமார் 1,290. எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு கால்சியம் அயனிக்கு ஐந்து மக்னீசியம் அயனிகள். ஒரு சின்னப் படிகம் உருவாகத் தொடங்கியதுமே மக்னீசியம் அதன் மேல்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது கால்சியத்தைவிடச் சிறியது. தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளையும் எளிதில் விடாது. சுவரில் அளவு தப்பிய செங்கல்லை வைத்ததுபோல் அடுத்த வரிசை சரியாக உட்காராது, வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். எனக்கு இந்த வேதியியலில் மிகப் பிடித்த இடம் இதுதான். பவளம் இந்தத் தடையைத் தாண்ட, தன் தோலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய திரவத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அங்கே கார்பனேட் கூடுகிறது, எலும்பு வளர்கிறது.

இரண்டு கரைசல்களையும் அடுத்தடுத்து ஊற்றியபோது, அவை கலந்த இடத்தில் செறிவு எக்கச்சக்கமாக ஏறி, மக்னீசியத்தால் சமாளிக்க முடியாமல் போயிற்று. ஹீட்டரை எடுத்துப் பாருங்கள், அதன் மேலும் வெள்ளைப் படலம் இருக்கும். சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட் கரைவது குறையும்.

இன்னொன்று. புதுத் தொட்டியில் இதையெல்லாம் ஊற்ற அவசியமே இல்லை. நல்ல உப்புக்கலவையை ஆர்.ஓ. நீரில் கரைத்தால் எல்லாம் வந்துவிடும். மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும்வரை அவற்றை மட்டும் கவனியுங்கள். அப்புறம் பவளம் வளரும்போது ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) குறைந்தால், கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் குறையும், 410இல் அது தெரியவே தெரியாது. அதனால் அடிக்கடி அளக்க வேண்டியது ஆல்கலினிட்டியை.

காற்றில் கரியமில வாயு கூடக் கூட, கடலில் இந்தக் கார்பனேட் குறைந்துகொண்டே வருகிறது. மன்னார் வளைகுடாவில் இதை ஆண்டுக்கணக்கில் விடாமல் அளக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்து எடுத்த பவளத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

சரி, தண்ணீர் தெளிந்ததும் மக்னீசியத்தை அளந்து பாருங்கள். 1,250க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். பிறகு ஆல்கலினிட்டி நாளொன்றுக்கு 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏறாதபடி, சோடா கரைசலை நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள். கால்சியத்தைச் சில மணி நேரம் கழித்துத் தனியாக ஊற்றலாம்.