500 எம்பிபிஎஸ் வாங்கியும் 3 எம்பிபிஎஸ்தான் வருகிறதா?

மூன்று மாதத்தில் இது நான்காவது அழைப்பு. சென்னையில் ஓர் அலுவலகம், தினமும் இரவு வர்ஜீனியாவில் இருக்கும் சர்வருக்கு பேக்கப் போக வேண்டும். 100 எம்பிபிஎஸ் லைனில் 3 எம்பிபிஎஸ்கூடத் தாண்டவில்லை என்று 500க்கு மாறினார்கள், அப்போதும் அதே வேகம்தான். "சார், ஒரு ஜிபிபிஎஸ் எடுத்துடலாமா?" என்று கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

லைன் எவ்வளவு அகலம் என்பது வேறு, ஒரு டிசிபி இணைப்பு (தரவைத் துண்டு துண்டாக அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் முறை) அதில் எவ்வளவு ஓடும் என்பது வேறு. ஸ்பீட் டெஸ்டில் முழு வேகம் வருகிறதே என்பார்கள். அது பக்கத்து சர்வரோடு பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளப்பது, உங்கள் பேக்கப் ஒற்றை இணைப்பில் 220 மில்லிசெகண்ட் போய்த் திரும்புகிறது.

அடுத்து, "ஆயிரத்துல ஒரு பாக்கெட்தானே சார் போகுது!" பாக்கெட் என்பது அந்தத் தரவுத் துண்டு, அது வழியில் தொலைவதுதான் லாஸ். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தை வெட்டும், பிறகு போய்த் திரும்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றும். சுற்று நீளமாக இருந்தால் பழைய வேகத்துக்கு வருவதற்குள் அடுத்த பாக்கெட் தொலைந்திருக்கும். 1997இல் மேத்திஸ் குழு தந்த சூத்திரத்தில் பாக்கெட்டுக்கு 1460 பைட் தரவு, 0.1 சதவீத லாஸ், 220 மில்லிசெகண்ட் என்று போட்டுப் பாருங்கள், சுமார் 2 எம்பிபிஎஸ் வரும். அதே லாஸ் இருந்தும் தாமதம் 10 மில்லிசெகண்டாக இருந்தால் 45 எம்பிபிஎஸ். அது டிசிபி வேகத்தை ஏற்றி இறக்கும் பழைய ரெனோ முறைக்கான கணக்கு, இன்றைய க்யூபிக் முறை சற்றுக் கூடுதலாகத் தரும், ஆனால் 500 கனவுதான். லைன் அகலம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா?

அந்த அலுவலகத்தில் குற்றவாளி ஸ்விட்சின் ஒரு போர்ட். சிஆர்சி எரர் (சிதைந்து வந்த பாக்கெட்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தது, ஃபைபர் கனெக்டரில் அழுக்கு. துடைத்துச் செருகினோம், அன்றிரவே பேக்கப் ஓடி முடிந்தது. (கனெக்டரைத் துடைக்காமல் செருகாதீர்கள், புதிதாகப் பிரித்ததாக இருந்தாலும்.)

தயவுசெய்து லைனுக்கு ஆர்டர் போடும் முன் போர்ட்களின் எரர் கவுன்டரைப் பாருங்கள். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியில் முதலில் ஓர் இணைப்பு, அப்புறம் எட்டு இணைப்பு வைத்து அளங்கள். எட்டில் வேகம் பல மடங்கானால் லைன் அகலத்தில் குறையில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் லாஸைக் காட்டும் எம்டிஆர் கருவியில் நடுவழி ரூட்டரில் மட்டும் லாஸ் தெரிந்து கடைசியில் இல்லையென்றால் பதறாதீர்கள், அந்த ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். லாஸே இல்லாமல் 2.4 எம்பிபிஎஸில் நிற்கிறதென்றால் விண்டோ (பதில் வரும் முன் அனுப்பக்கூடிய அளவு) 64 கேபியில் மாட்டியிருக்கலாம். நடுவில் ஃபயர்வால் எதுவும் அந்த அளவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங்கைப் பிடுங்குகிறதா என்று பாருங்கள். லாஸ் உங்கள் கையில் இல்லாத இடத்தில் இருந்தால், அனுப்பும் சர்வரில் க்யூபிக்குக்குப் பதில் லாஸை அவ்வளவாகப் பொருட்படுத்தாத பிபிஆர் முறையைப் போட்டுப் பாருங்கள், இல்லையேல் பேக்கப்பைப் பல இணைப்புகளாகப் பிரித்து அனுப்புங்கள்.