மெஸ்ஸில் யாரோடு சாப்பிடுகிறாய்?

தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாள். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கிய ஒரு மாணவன், "ஹாஸ்டலுக்கு வந்துட்டேம்மா" என்று வீட்டுக்குப் போன் செய்தான். அதன்பிறகு மூன்று மணி நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். எட்டரைக்கு எழுந்து, ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டான். பொறியியல் முதலாண்டு, முதல் செமஸ்டர்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய அப்பா அவனை என் அறைக்குக் கூட்டிவந்தார். பெரிய பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். அவன் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு இதை எழுதுகிறேன்.

"பன்னெண்டாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுங்க மேடம். கணக்குல தொண்ணூத்தெட்டு. இங்க வந்து முதல் டெஸ்ட்லயே அம்பதுக்குப் பதினொண்ணு. செல்போன் பாத்துக் கெட்டுப்போயிட்டானான்னு தெரியல" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்.

நான் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. முதலாண்டுப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"மெஸ்ல யார்கூட தம்பி சாப்பிடுற?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கடைசியா போவேன் மேம். எட்டே முக்காலுக்கு. அப்ப கூட்டம் இருக்காது" என்றான்.

"அப்ப சாப்பாடு இருக்குமா?"

"தயிர்சாதம் இருக்கும்."

வந்து சேர்ந்த நாளிலிருந்து பெரும்பாலான இரவுகளில் தயிர்சாதம். அதுவரை என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, மகன் பக்கம் திரும்பினார்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: மதிப்பெண் குறைவது கடைசியில்தான் நடக்கிறது. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்தப் பிள்ளை தனியாகிவிடுகிறது. தட்டை எடுத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடத்தைத் தாங்க முடியாமல் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிக்கொள்கிறவன், சந்தேகத்தை மட்டும் யாரிடம் போய்க் கேட்பான்?

அவன் எங்கே தடுக்கினான் என்று சேர்ந்து பார்த்தோம். கணக்கு வகுப்பில் முதல் பாடம் மேட்ரிக்ஸ். பேராசிரியர் "இன்வர்ஸ்" என்று சொல்லிக்கொண்டே பலகையில் வேகமாக எழுதிப்போகிறார். இவன் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ்வழி. அது, தான் பன்னிரண்டாம் வகுப்பில் கரைத்துக் குடித்த 'நேர்மாறு அணி'தான் என்று பிடிபடுவதற்குள் பலகை அழிந்துவிடும். தெரிந்த கணக்குதான். பெயர் மாறியதால் தெரியாத கணக்காகிவிட்டது. பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்டால் தமிழ்வழி என்று தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

இன்னொரு நாள் கிராபிக்ஸ் வரைபடத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். சாய்ந்து நிற்கும் கூம்பு ஒன்றின் மேல்தோற்றம். ஒரே கோட்டை எத்தனை முறை அழித்தானோ, தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெரிந்தது. அதற்குத் தேவையான டிராஃப்டர் என்ற வரைகருவியைக் கடையில் புதிதாகவே வாங்கியிருந்தான். இங்கே யாரும் அப்படி வாங்குவதில்லை. முதலாண்டு முடித்த சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், சிலர் சும்மாவே கொடுப்பார்கள். அந்த டிராஃப்டரைப் பார்த்தபோதுதான், இந்த வளாகத்தில் இவனுக்கு ஒரு சீனியரைக்கூடத் தெரியாது என்று எனக்கு உறைத்தது.

சீனியர்களைத் தெரியாமல் போனதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. அதன் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி விடுதியில் தங்க வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளும் சொல்கின்றன. அந்தப் பாதுகாப்பில் ஒரு துளிகூடக் குறையக் கூடாது. ஆனால் சுவர் எழுப்பிய பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த நல்லதையும் வேறு வழியில் கொண்டுவந்திருக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு எந்தப் பழைய வினாத்தாள், எந்த ஆசிரியரிடம் தயங்காமல் போகலாம் என்பதெல்லாம் அண்ணன்களும் அக்காக்களும் சொல்லித்தான் தெரியும்.

வழி இல்லாமலும் இல்லை. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வகுத்திருக்கிறது. இருபது பேர் அளவுக்குச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். நான் பார்த்த பல இடங்களில் அது அரங்கத்தில் ஆயிரம் பேரை உட்கார வைத்து நடத்தும் சில நாள் சொற்பொழிவாகச் சுருங்கிவிட்டது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொன்றும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வகுப்பில் யாரோ, "நீ செவன் பாயிண்ட் ஃபைவா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடங்களை முன்னுரிமையாகத் தரும் சட்டம் 2021-இல் வந்தது. அவர்களுடைய படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அது அவனுடைய உரிமை. அந்த எண்ணையே ஒருவனுக்குப் பட்டப்பெயராக்குவதை வகுப்பாசிரியர்கள் கேட்டும் கேளாமல் விடக் கூடாது.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 200-க்கு 198 கட் ஆஃப் வைத்திருந்த சென்னைப் பெண் ஒருத்தி, பள்ளியில் எப்போதும் முதலாவதாக இருந்தவள், இங்கே தன் வகுப்பு முழுக்க முதலாவதாக இருந்தவர்களே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு மாதம் தூங்கவில்லை.

என் அனுபவத்தில் தீபாவளிக்கு அடுத்த இரண்டு வாரங்கள்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம். முதல் இன்டர்னல் தேர்வு மதிப்பெண் வந்திருக்கும். வீட்டுச் சாப்பாட்டையும் வீட்டுத் தூக்கத்தையும் ருசித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். பிள்ளை கிளம்பும் நாளில் திடீரென்று வயிற்று வலி, தலைவலி என்றால் நடிப்பு என்று அதட்டாதீர்கள். அந்த வலி பெரும்பாலும் உண்மையானது. "எவ்வளவு மார்க்?" என்பதை அடுத்த போனுக்குத் தள்ளிவையுங்கள். "சாப்பிட்டியா?" என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள், எல்லாப் பிள்ளைகளும் "ம்" என்கிறார்கள். "யார்கூட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். மூன்று வாரமாகியும் ஒரு பெயர்கூட வரவில்லையென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

வருகைப் பதிவையும் கவனியுங்கள். பொதுவாக 75 சதவீதம் வேண்டும். காலை முதல் வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து போகாமல் இருந்தால், இரவில் தூக்கம் இல்லாமல் இருக்கலாம்.

மாணவர்களே, அரியர் விழுந்தால் வாழ்க்கையே போய்விட்டது என்று நள்ளிரவில் தோன்றும். அரியரை அடுத்த முறை எழுதித் தேறலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில், நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ராகிங் என்றால் 1800-180-5522.

அந்த மாணவனுக்கு நான் பெரிய சிகிச்சை எதுவும் செய்யவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தேன்: "எட்டே முக்காலுக்கு மெஸ்ல வேற யாரு இருக்காங்கன்னு இந்த வாரம் பாத்துட்டு வா."

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து சொன்னான்: "என்னைத் தவிர நாலு பேர் மேம். நாலு டேபிள்ல."

அந்த நால்வரில் ஒருவன் நாகர்கோவில். இவனுடைய வகுப்பேதான், இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்பவன். இருவரும் அன்றிரவு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பொங்கலுக்குள் ஐந்து பேரும் ஏழரைக்கே போகத் தொடங்கிவிட்டார்கள். கணக்கில் அவனுக்கு அரியர்தான் விழுந்தது, அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறினான். கிராபிக்ஸில் முதல் முறையே தேறிவிட்டான். அந்தக் கூம்பை நாகர்கோவில்காரன் ஒரு இரவு முழுக்கத் தரையில் தாளை விரித்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தானாம்.