வரப்பை உயர்த்தும் முன் ஒரு மண்கட்டியைத் தண்ணீரில் போடுங்கள்

"மழையில வரப்பு உடைஞ்சு மண்ணெல்லாம் போயிடுச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிடுபவர்கள் கேட்பதெல்லாம், வரப்பை இன்னும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதுதான். நான் வரப்புப் பக்கம் கடைசியில்தான் போவேன். முதலில் வயலின் நடுவிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்று. வேலியோரம், உழாமல் புல் மண்டிய இடத்திலிருந்து இன்னொன்று. இரண்டையும் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குவேன். உழுது உழுது வெறுமையாகக் கிடந்த மண் பெரும்பாலும் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வேலியோரத்துக் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். மண் ஒன்றுதான், இதில் வேரும் மட்கும் துகள்களைப் பிடித்து வைத்திருக்கின்றன.

வயலில் நடப்பதும் இதுவே. பெரிய மழைத்துளி மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடிக்கிறது. கட்டி உடைந்து, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன. காய்ந்ததும் மேலே ஏடு ஏடாகப் பெயருமே, அதுதான். அடுத்த மழைக்கு அந்த ஏடே கூரை. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். 20 மில்லிமீட்டர் பெய்து பாதி இறங்காமல் போனால், 1 லட்சம் லிட்டர் சரிவில் ஓடும். எந்த வரப்பு தாங்கும்?

அதனால் துளி வெறும் மண்ணில் விழக் கூடாது. பயிர்க்கழிவு தரையில் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே அரிப்பு பாதியளவு குறையும். "மாட்டுக்கு என்ன போடுறது?" என்பார்கள். நியாயம்தான். கொஞ்சம் உயரமாக அறுத்து, அடிக்கட்டையையாவது விட்டுவைக்கலாம். எரிப்பதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் கிடையாது.

அப்புறம், ஈரமண்ணில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகிப் பாருங்கள். 15, 20 சென்டிமீட்டரில் சட்டென்று முட்டினால், வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுததாலும் டிராக்டர் எடையாலும் மண் இறுகிப்போன தட்டு அது. மேலே பயிர்க்கழிவைப் பரப்பி என்ன மூடாக்குப் போட்டாலும் தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது. மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையால் உடைக்கலாம், ஆனால் அந்த ஆழம்வரை மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தடம் மெழுகினாற்போல் ஆகிவிடும், டீசலும் வீண். உடைத்த கையோடு ஆழமாக வேர்விடும் பயிரை விதையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறுகும்.

சரி, வரப்பே வேண்டாமா? வேண்டும். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் போடுங்கள். மிஞ்சும் நீர் வழியப் புல் வளர்ந்த வாய்க்கால் ஒன்றும் விடுங்கள். உழவும் அதே குறுக்கில்தான்.

டம்ளர் விஷயத்தில் இன்னொன்று: கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால், அது சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருக்கலாம். மூடாக்கு மட்டும் அதற்குப் போதாது. மண் பரிசோதனை செய்து, அதைச் சீராக்கத் தேவையான ஜிப்சத்தின் அளவைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.