அந்தத் தபால் அட்டையைக் குப்பையில் போடாதீர்கள்

அமெரிக்காவில் கம்ப்யூட்டரோ டிவியோ வாங்கிய யாருக்கும் ஒருநாள் அப்படி ஒரு மின்னஞ்சலோ தபால் அட்டையோ வரலாம். மேலே ஒரு நீதிமன்றத்தின் பெயர், நடுவில் பொடி எழுத்தில் நாலு பத்தி, பல வருடங்களுக்கு முன் நீங்கள் வாங்கிய ஒரு பொருளுக்குப் பணம் கிடைக்கலாம் என்று ஒரு வரி. நம் ஆட்களில் பலர் அதை மோசடி என்றெண்ணி உடனே அழித்துவிடுகிறார்கள். ஏமாந்துவிடக் கூடாது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் கலிஃபோர்னியாவில் வாங்குவோர் தரப்பு வழக்குகளில் வேலை செய்யும் வழக்கறிஞராக, அந்த ஒரு நொடியில் அவர்கள் எதைக் கைவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிராம் மெமரி சிப் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2002 வரை, உலகின் பெரிய மெமரி தயாரிப்பாளர்கள் சிலர் தங்களுக்குள் பேசி வைத்து விலை சொன்னார்கள். டெல், காம்பாக், ஹெச்பி, ஐபிஎம், ஆப்பிள், கேட்வே ஆகியவைதான் அந்தச் சிப்பை மொத்தமாக வாங்கிய நிறுவனங்கள். போட்டியாளர்களாக இருக்க வேண்டியவர்களின் விற்பனை அதிகாரிகள் நேரிலும் தொலைபேசியிலும் பேசி, இந்த வாடிக்கையாளருக்கு இவ்வளவுக்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். 2002-ல் அமெரிக்க நீதித் துறை விசாரணையில் இறங்கியது. கூட்டிலிருந்த மைக்ரான் விசாரணைக்கு ஒத்துழைத்துத் தண்டனையிலிருந்து தப்பியது. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இன்ஃபினியன் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி, எல்பிடா 8.4 கோடி என அபராதம் கட்டின. அதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள்.

கூட்டினால், அந்த நான்கு அபராதமும் 72.9 கோடி டாலர். அதில் ஒரு டாலர்கூட மெமரிக்கு அதிக விலை கொடுத்தவர்களின் கைக்கு வரவில்லை. குற்ற வழக்கில் விதிக்கும் அபராதம் அரசுக் கணக்குக்குத்தான் போகும். வாங்கியவரின் நஷ்டம் திரும்பி வர வேண்டுமானால் அவர் தனியாக உரிமையியல் வழக்குப் போட வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் சில டாலர் கூடுதலாகப் போனதற்காக யார் வக்கீல் வைத்து வழக்காடுவார்கள்? அதற்காகத்தான் கிளாஸ் ஆக்‌ஷன் என்கிற கூட்டு வழக்கு. ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் சிலர் முன்னால் நின்று வழக்காடுவார்கள், தீர்வு எல்லோரையும் கட்டும்.

மறைமுகமாக வாங்கியவர்களின் வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனங்கள் தர ஒப்புக்கொண்ட டிராம் சமரசத் தொகை 31 கோடி டாலர். 1998 தொடக்கம் முதல் 2002 முடிவு வரை கம்ப்யூட்டர், பிரிண்டர், வீடியோ கேம் கருவி என்று டிராம் உள்ள எதை வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம், குறைந்தது 10 டாலர் எதிர்பார்க்கலாம் என்றது அறிவிப்பு. ரசீது இல்லாதவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. கடைசி நாள் 2014 ஆகஸ்ட் 1. விசாரணை தொடங்கி 12 வருடம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் வீடு மாறியிருப்பார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்! ஒய்2கே என்ற 2000-ம் ஆண்டுத் தேதிக் கோளாறைச் சரிசெய்யும் வேலைக்காக வந்து, முதல் சம்பளத்தில் ஒரு டெஸ்க்டாப் வாங்கி, சில வருடத்தில் சென்னைக்கே போய்விட்ட பொறியாளர்கள் எத்தனையோ பேர். இப்படிப்பட்ட வழக்குகளில் குடியுரிமையோ விசா வகையோ ஒரு நிபந்தனையே இல்லை. எங்கே, எப்போது வாங்கினீர்கள், அப்போது எங்கே குடியிருந்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் ஆச்சரியப்படுகிறார்.

மறைமுகமாக வாங்கியவர் என்று சொன்னேன். சட்டச் சிக்கலெல்லாம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் சாம்சங்கிடம் சிப் வாங்கவில்லை. சாம்சங் டெல்லுக்கு விற்றது, டெல் உங்களுக்கு விற்றது. இல்லினாய் மாநில அரசும் இதே நிலையில்தான் இருந்தது. காங்கிரீட் கல் தயாரித்தவர்கள் கூடிப் பேசி விலை வைத்தார்கள், கொத்து வேலை ஒப்பந்தக்காரர் கல்லை வாங்கினார், அவரிடமிருந்து பெரிய ஒப்பந்தக்காரர் வேலையை வாங்கினார், கடைசியில் மாநிலம் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கூட்டுச் சேர்ந்தவரிடம் நேரடியாக வாங்கியவர் மட்டுமே விலைக் கூட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டத்தின் கீழ் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. உண்மையில் சுமை யார் தலையில் இறங்கியதோ அவருக்குக் கதவு அடைபட்டது. இந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.

கலிஃபோர்னியா மறு வருடமே தன் மாநிலச் சட்டத்தைத் திருத்தி, மறைமுகமாக வாங்கியவரும் வழக்குப் போடலாம் என்றது. வேறு பல மாநிலங்களும் அதே வழியில் போயின, சில போகவில்லை. விளைவை எல்சிடி திரை வழக்கில் கண்கூடாகப் பார்க்கலாம். 2001 முதல் 2006 வரை திரைத் தயாரிப்பாளர்கள் தைவானில் ஓட்டல் அறைகளில் கூடி விலை பேசினார்கள். அந்தக் கூட்டங்களை அவர்களே 'கிறிஸ்டல் மீட்டிங்' என்று அழைத்தார்கள். எல்ஜி டிஸ்ப்ளே 40 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஒப்புக்கொள்ளாமல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜூரி முன் வழக்காடித் தோற்ற ஏயூ ஆப்ட்ரானிக்ஸுக்கு 2012-ல் 50 கோடி. மறைமுகமாக வாங்கியவர்களுக்கான சமரசத் தொகைகள் மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டின, ஒருவருக்குக் குறைந்தது 25 டாலர் என்றார்கள். ஆனால் அது 24 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டிசிக்கும் மட்டும். நியூயார்க் உண்டு, நியூஜெர்சி இல்லை. கலிஃபோர்னியா உண்டு, டெக்சஸ் இல்லை. ஒரே மாதிரி டிவி, ஒரே கூடுதல் விலை, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவருக்கு மட்டும் பணம். நண்பருக்கு வந்த அறிவிப்பு உங்களுக்கு வராமல் போனால் முதலில் இந்த மாநிலப் பட்டியலைப் பாருங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ரேமுக்கும் கேட்கலாமா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. முடியாது. இந்த வழக்குகள் அமெரிக்கச் சந்தையில் நடந்த விற்பனைக்கு மட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பு கிடைத்தும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை. நீதிமன்றம் சமரசத்தை இறுதியாக ஏற்றதும், விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காத அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த நிறுவனத்தின் மீது அதே விஷயத்துக்காக வழக்குப் போடும் உரிமை போய்விடும். விண்ணப்பிக்காதவர் உரிமையையும் இழக்கிறார், பணத்தையும் இழக்கிறார். எல்சிடி வழக்கில் டெல், பெஸ்ட் பை, காஸ்ட்கோ போன்றவை விலகிப் போய்த் தனியாக வழக்காடின. அவர்களுடைய நஷ்டம் அவ்வளவு பெரியது. வீட்டுக்கு ஒரு டிவி வாங்கியவருக்கு விலகுவதால் லாபமில்லை, விண்ணப்பிப்பதுதான் வழி. தொகை குறைவு, வழக்கறிஞர் கட்டணம் அதிகம் என்று தோன்றினால் உள்ளேயே இருந்துகொண்டு நீதிபதிக்கு ஆட்சேபம் எழுதலாம். நீதிபதிகள் அதைப் படிக்கிறார்கள்.

சிறு தொழில் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மோட்டல், கிளினிக், வரிக் கணக்கு அலுவலகம் எதுவானாலும் பத்து இருபது கம்ப்யூட்டராவது வாங்கியிருக்கும். வாங்கிய எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் பங்கு. ரசீது தொலைந்திருந்தாலும் வரித் தாக்கலுக்குத் தயாரித்த தேய்மானப் பட்டியல் கணக்காளரிடம் இருக்கும். நான் பார்த்த வரையில் அதுதான் பலருக்குக் கைகொடுத்தது. சர்க்யூட் போர்டு அசெம்ப்ளி செய்பவர்களானால் கெப்பாசிட்டர் என்ற மின்னணுப் பாகத்தின் தயாரிப்பாளர்கள் கூடி விலை பேசிய வழக்கு போன்றவையும் உங்களைத் தொடும். அதில் நிப்பான் கெமி-கான் 2018-ல் 6 கோடி டாலர் அபராதம் கட்டியது. பாகங்களை நேரடியாக வாங்கியிருந்தால் பழைய இன்வாய்ஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

'உங்களுக்காக நாங்கள் விண்ணப்பிக்கிறோம், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு' என்று கடிதம் போடும் நிறுவனங்களும் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசியுங்கள். விண்ணப்பம் இலவசம், பெரும்பாலும் ஒரு பக்கப் படிவம்தான்.

மோசடியை எப்படிப் பிரித்தறிவது? உண்மையான அறிவிப்பில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை நீதிமன்றத்தின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள், மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பைச் சொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டால், வங்கிக் கடவுச்சொல் கேட்டால், கிஃப்ட் கார்டு வாங்கச் சொன்னால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம். படிவத்தில் நீங்கள் சொல்வது உண்மை என்று பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடுகிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு டிவி வாங்கியவர் ஆறு என்று எழுதினால் அது நேர்மையாகக் கேட்டவரின் பங்கிலிருந்து எடுப்பது.

விண்ணப்பித்த பிறகு நீண்ட காத்திருப்பு. முதற்கட்ட ஒப்புதல், அறிவிப்பு, இறுதி விசாரணை, யாராவது மேல்முறையீடு செய்தால் இன்னும் ஓரிரு வருடம். இதற்கிடையில் வீடு மாறினால், விண்ணப்பங்களைக் கவனிக்கும் வழக்கின் நிர்வாகிக்கு ஒரு வரி எழுதிப் புது முகவரியைக் கொடுங்கள். காசோலை வந்ததும் அதில் அச்சிட்டிருக்கும் தேதிக்குள் வங்கியில் போட்டுவிடுங்கள். தேதி தாண்டிவிட்டால் நிர்வாகியைக் கேளுங்கள், சில வழக்குகளில் மாற்றுக் காசோலை தருவார்கள். அந்த வாய்ப்பும் முடிந்தபின் மிஞ்சும் தொகை, நீதிமன்றம் சொல்கிறபடி மற்ற விண்ணப்பதாரர்களுக்கோ ஒரு பொதுநல அமைப்புக்கோ போய்விடும்.