‘அனுபவசாலிக்கு மட்டும்’ என்று விற்கும் குதிரை

“காட்டுப்பாதை சவாரிக்கு ஏற்ற குதிரை. குலுக்கலே இல்லாத நடை. அனுபவமுள்ளவருக்கு மட்டும்.” அமெரிக்காவில் டென்னசி, கென்டக்கி மாநிலங்கள் பக்கம் குதிரை வாங்கத் தேடுபவர்களுக்குப் பழகிப்போன விளம்பரம் இது. விலை பேசுவதற்கு முன் பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று கால்நடை மருத்துவரான என்னைக் கூப்பிடுபவர்கள், பெரும்பாலும் அந்த நடையில் மயங்கிய பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

நடை சொகுசுதான், மறுக்கவில்லை. சாதாரணக் குதிரை டிராட் (மெதுவான துள்ளோட்டம்) போகும்போது மூலைக்கு மூலை இரண்டு கால்களாக எழும்பி இறங்கும். மேலே இருப்பவரின் இடுப்பும் கூடவே எழும்பி இறங்கும். இந்த விளம்பரங்களில் வரும் டென்னசி வாக்கிங் ஹார்ஸ் என்ற இனமோ நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருப்பதால் தூக்கிப்போடாது. இந்த மாதிரி நடைக்கு டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் முக்கியக் காரணம் என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் மார்வாரி குதிரையின் ‘ரேவால்’ நடையும் ஏறக்குறைய இதே சொகுசுதான்.

சிக்கல் என்னவென்றால், நொண்டலையும் இந்த நடை மூடி மறைத்துவிடும். முன்கால் வலிக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். டிராட்டில் இது பளிச்சென்று தெரியும். வாக்கிங் ஹார்ஸோ இயல்பாகவே ஒவ்வொரு அடிக்கும் தலையசைக்கும் இனம். “பாருங்க டாக்டர், என்ன அழகா தலையாட்டுது!” என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஆட்டுகிறதா என்பதுதான் என் கேள்வி. அதனால் முதலில் கெட்டித் தரையில் நடக்கவிட்டு, பார்ப்பதை விட்டுவிட்டு காதால் கேட்பேன். நான்கு லாட ஓசையும் சீரான இடைவெளியில் வர வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்தாலோ, அவசரப்பட்டு விழுந்தாலோ, அந்தக் காலில் ஏதோ இருக்கிறது. அப்புறம் சின்ன வட்டத்தில் இரு திசையிலும் ஓடவிட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

அடுத்து, குளம்புக்கு மேலே உள்ள ஒடுங்கிய பகுதியின் பின்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்ப்பேன். காட்சிப் போட்டிகளில் காலை உயரத் தூக்கி நடக்க வைப்பதற்காக, அங்கே எரிச்சலூட்டும் ரசாயனங்களைத் தடவிச் சங்கிலி மாட்டும் கொடுமை இந்த இனத்துக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1970-லேயே இதற்கெதிராகச் சட்டம் வந்துவிட்டது. வழக்கம்தான் முழுதாக ஒழியவில்லை. தடித்த தோல், முடி உதிர்ந்த திட்டு, தொட்டதும் காலைப் பறித்துக்கொள்ளும் பதற்றம் இருந்தால், அந்தக் குதிரையின் முந்தைய வாழ்க்கையை விசாரியுங்கள்.

சரி, ‘அனுபவசாலிக்கு மட்டும்’? சில சமயம் அது நேர்மையான எச்சரிக்கை: வேகமான, சுறுசுறுப்பான குதிரை, புதியவர் கையில் அடங்காது. சில சமயம் துணைக்குதிரையைப் பிரிந்தால் திரும்பி ஓடிவிடும், ஏறும்போது நிற்காது, ஓடையைக் கண்டால் பின்வாங்கும் என்பதையெல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. “எதற்கு அனுபவம் வேண்டும்?” என்று நேராகவே கேளுங்கள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய்விடுங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்து நின்றால், ஓட்டிக் களைப்பாக்கியிருக்கிறார்கள். மேய்ச்சலிலிருந்து பிடித்துவந்து சேணம் பூட்டுவதை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். முதலில் விற்பவர் ஏறட்டும். பிறகு வேறு குதிரை இல்லாமல், கொட்டகை கண்ணுக்கு மறையும் தூரம்வரை அவரே போய்வரட்டும். இதில் அசைந்து கொடுக்காதீர்கள்.

அன்றே ரத்தமும் எடுத்து வைப்பேன். ஃபினைல்பியூட்டாசோன் கொடுத்தால் வலி தற்காலிகமாக அடங்கும். ரெசர்பின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தோ முரட்டுக் குதிரையைப் பல நாள் சாதுவாக்கிவிடும். ரத்தம் எடுக்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால், பணத்தை எடுக்காமலே கிளம்பிவிடச் சொல்வேன்.

காகின்ஸ் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். குதிரைகளின் தொற்று ரத்தசோகை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை இது; அந்த நோய்க்கு மருந்து கிடையாது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக இந்தச் சான்றிதழ் வேண்டும். தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அதில் பதிவாகியிருக்கும் நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும் எதிரே நிற்கும் குதிரையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.