ஓய்வுக்காலச் சேமிப்பில் வீடு வாங்கும் முன்

அமெரிக்காவில் வரி ஆலோசகராக இருக்கும் என்னிடம் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "பழைய கம்பெனியின் 401கே (வேலையிடம் வழியான ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை ஐஆர்ஏவுக்கு (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) மாற்றி, அதில் வாடகை வீடு வாங்கலாமா? நண்பர் தொடங்கும் தொழிலில் போடலாமா?" போடலாம். சட்டம் விலக்கி வைத்திருப்பவை குறைவுதான்: ஆயுள் காப்பீடு, ஓவியம், பழம்பொருள் போன்றவை. எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே கட்டும் வகை நிறுவனம்) பங்குகளும் ஆகாது.

எதை வாங்குகிறோம் என்பதைவிட, யாரோடு கொடுக்கல் வாங்கல் என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். வரிச் சட்டத்தின் 4975ஆம் பிரிவு உங்களையும், உங்கள் துணைவரையும், பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகன், மருமகள் எல்லோரையும் உங்கள் ஐஆர்ஏவோடு கொடுக்கல் வாங்கல் கூடாத, விலக்கப்பட்டவர்கள் என்கிறது. உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தம்பியின் கடையில் ஐஆர்ஏ பணத்தைப் போட்டு, அங்கேயே நீங்கள் சம்பளமும் வாங்கினால் சிக்கல் வரலாம்.

ஐஆர்ஏ வாங்கிய வீட்டில், கல்லூரியில் படிக்கும் மகள் முழு வாடகை கொடுத்துத் தங்கினாலும் விதிமீறல்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா சும்மா இருப்பானேன் என்று அந்த வீட்டுக்கு வண்ணம் அடிப்பதும் ஆபத்து. குழாய் பழுதானால் உங்கள் கையிலிருந்து பணம் கொடுக்காதீர்கள். செலவு ஐஆர்ஏவிலிருந்தே போக வேண்டும். குடும்பத்துக்காக ஓடியாடி வேலை செய்வது நம் இயல்பு. இந்தக் கணக்கில் அதுவே வினையாகிறது.

தண்டனை அந்த வீட்டோடு நிற்காது. விதிமீறல் நடந்த ஆண்டின் ஜனவரி 1 அன்றே முழுக் கணக்கையும் எடுத்துவிட்டதாகக் கருதி வரி போடுவார்கள். 59½ வயது ஆகவில்லை என்றால் கூடுதலாக 10%. அதே ஐஆர்ஏவில் இருக்கும் மற்றப் பங்குகளும் சேர்ந்து போகும். அதனால் வீடு, தனியார் தொழில் போன்றவற்றுக்குத் தனி ஐஆர்ஏ திறக்கச் சொல்கிறேன்.

2013இல் வரி நீதிமன்றம் தீர்த்த பீக் வழக்கை எல்லோருக்கும் சொல்வேன். இருவர் தங்கள் ஐஆர்ஏக்கள் வழியாக ஒரு நிறுவனம் தொடங்கி, அதன் மூலம் ஒரு தொழிலை வாங்கினார்கள். அதற்கான கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தார்கள். அந்த ஒரு கையெழுத்தால் ஐஆர்ஏ சலுகை பறிபோய், பின்னர் தொழிலை விற்ற லாபத்துக்கு வரி வந்தது. 2021இன் மக்நல்டி வழக்கில், ஐஆர்ஏவின் தங்க நாணயங்களை வீட்டில் வைத்திருந்ததே, அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்ததாகக் கருதி வரி போடப் போதுமானதாக இருந்தது.

ஆகவே ஐஆர்ஏ கடன் வாங்கினால், சொத்தை மட்டுமே ஈடாகக் கொண்ட, உங்களைத் தொடாத கடனாக இருக்க வேண்டும். அப்போதும் கடனால் வந்த வருமானப் பங்குக்கு வரி உண்டு. அத்தகைய மொத்த வருமானம் 1,000 டாலரை எட்டினால் 990-டி படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

ஊரில் மனை வாங்கவும் கேட்கிறார்கள். பத்திரம் கஸ்டோடியன் (ஐஆர்ஏ சொத்துகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம்) பெயரில் பதிவாக வேண்டும். இந்தியாவில் கிளை இல்லாத அமெரிக்க நிறுவனம் அங்கே நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. உங்கள் பெயரில் பதிந்தால், பணத்தை எடுத்ததாகவே கணக்கு.

"கஸ்டோடியனே ஏற்றுக்கொண்ட முதலீடு" என்று யாராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதலீடு நல்லதா, விற்பவர் நாணயமானவரா என்றெல்லாம் கஸ்டோடியன் பார்ப்பதில்லை. 70ஐ நெருங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: 73 வயதிலிருந்து சாதாரண ஐஆர்ஏவில் ஆண்டுதோறும் கட்டாயம் பணம் எடுக்க வேண்டும். முழுச் சேமிப்பும் ஒரே கட்டடத்தில் முடங்கியிருந்தால், எடுக்கக் கையில் பணம் இருக்காது.